வாபஸ் போன பஸ்

பெங்களூரில் ஓசூர் ரோட்டில் மேம்பாலத்துக்குத் தூண் எழுப்பிக்கொண்டிருந்த வருஷம் அது. பொம்மனஹள்ளிப் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் தைக்கப் போய்க்கொண்டிருந்தேன். ஒக்கலிபுரத்துப் பெண்களை ஏற்றிப்போக ஒரு பஸ் உண்டு. ஓட்டுகிறவருக்கே சொந்தமான பஸ். அவரை எல்லாரும் டிரைவரண்ணா என்போம்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் என் கூடப்பிறந்த அண்ணன் செத்துப்போயிருந்தான். வேறொரு பஸ்ஸில் கிளீனராக இருந்தான். டீசல் ஒழுகி, ஓடும்போதே தீப்பிடித்துக்கொண்டது. அவன் போன பிறகு அம்மாவும் நானும் சித்தியோடு இருக்கலாம் என்று ஒக்கலிபுரம் வந்தோம். வேலையிடத்தில் கேட்டவர்களிடம் ஆக்சிடென்ட் என்று மட்டும் சொன்னேன். மேலே கேட்டால் பாத்ரூமுக்குப் போய்விடுவேன்.

எங்கள் பஸ்ஸிலும் டீசல் நாற்றம் அடிக்கும். டிரைவரண்ணா தினமும் எஞ்சின் மூடியைத் திறந்து, பைப் ஒழுகும் இடத்தில் குளிக்கிற சோப்பைத் தேய்த்து அடைப்பார். "ஏண்ணா, நாங்களே தலைக்கு ஊத்தாம வர்றோம், உங்க பஸ்ஸுக்குத் தினம் குளியலா?" என்று ஒரு அக்கா கிண்டல் செய்வாள். நானும் சிரித்துவைப்பேன். அந்தச் சோப்பை மட்டும் பார்க்க மாட்டேன்.

ஒருநாள் காலையில் நாங்கள் ஏறி உட்கார்ந்த பிறகும் அவர் வண்டியை எடுக்காமல் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"ஷோரூம்லேர்ந்து போன் வந்துச்சும்மா. இந்த மாடல் பஸ் எல்லாத்தையும் கம்பெனில வாபஸ் கூப்டுறாங்களாம். டீசல் பைப்புல ஏதோ மிஸ்டேக்காம்."

வாபஸ் என்றதும் எல்லாரும் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். கடையில் துணியை வாபஸ் கொடுத்தால் அது அவ்வளவுதானே. பஸ்ஸும் அப்படித்தான் போய்விடும் என்று நினைத்தார்கள். போனால் ரெண்டு டவுன் பஸ் மாற வேண்டும். லேட்டானால் கேட்டை மூடிவிடுவார்கள்.

"குடுத்துராதீங்கண்ணா!"

"பைப்ப மாத்தி ஓசியிலயே குடுப்பாங்கன்றாங்க. யாரு கண்டா? அதுக்குள்ள உங்க ஃபேக்டரிக்காரன் வேற வண்டியப் புடிச்சிருவான். எனக்கு இருக்கறது இது ஒண்ணுதான்."

"சோப்பு நான் வாங்கித் தர்றேன், நீங்க எடுங்க வண்டிய!" என்றாள் அந்த அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே சீட்டில் ஏறி சாவியைத் திருகினார். எஞ்சின் உறுமியது.

நான் எப்போது எழுந்தேன் என்றே தெரியவில்லை.

"எங்கண்ணன் பஸ்லயும் சோப்புதாண்ணா வச்சிருந்தாங்க."

முதலில் யாருக்கும் புரியவில்லை. அப்புறம் சொன்னேன். அவன் எப்படிப் போனான், ஆஸ்பத்திரியில் அம்மாவை ஏன் முகம் பார்க்க விடவில்லை, எல்லாம். டிரைவரண்ணா எஞ்சினை அணைத்தார்.

"எறங்குங்கம்மா எல்லாரும்," என்றார். "நான் ஷோரூமுக்குப் போறேன்."

"வேணாண்ணா, இத ஓட்டிட்டுப் போகாதீங்க. அவங்களையே வந்து இழுத்துட்டுப் போகச் சொல்லுங்க," என்றேன். அவர் சரியென்று தலையாட்டினார்.

எல்லாரும் இறங்கி டவுன் பஸ்ஸுக்கு நடந்தோம். சோப்பு அக்கா என் கையைப் பிடித்தவள், டவுன் பஸ்ஸில் ஏறும்வரை விடவில்லை. நாங்கள் போவதற்குள் கேட்டை மூடிவிட்டார்கள். சூப்பர்வைசர் கன்னடத்தில் கத்தினார். அக்கா அவரைவிடச் சத்தமாகக் கன்னடத்திலேயே நடந்ததைச் சொன்னாள். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். கேட்டைத் திறந்துவிட்டார். எங்கள் பஸ் வரும்வரை வேறு வண்டி வைக்கக் கூடாது என்று அன்றைக்கே எல்லாரும் சேர்ந்து ஆபீஸில் கேட்டோம். அதற்கும் சரியென்றார்கள்.

அடுத்த வாரமே பஸ் புதுப் பைப்போடு வந்தது. "நம்ம பையன் வாபஸ் வந்துட்டான் பாருங்க!" என்று டிரைவரண்ணா எஞ்சின் மூடியைத் திறந்து காட்டினார். கல்யாணப் பெண்ணைப் பார்க்கிற மாதிரி முட்டிமோதிக்கொண்டு எல்லாரும் அந்தப் பைப்பைப் பார்த்தோம்.

அண்ணனைப் பற்றிப் பேசினால் அழுகையைத் தவிர ஒன்றும் வராது என்று வாயை மூடிவைத்திருந்தேன். பேசினால் கிளம்பின பஸ் நிற்கும், மூடின கேட் திறக்கும் என்று அவன் போன பிறகும் அவன்தான் எனக்குக் காட்டினான்.