நடவுக்குப் போகாத சம்பா

அடுத்த வீட்டு விதவைக்கு எங்கிருந்து பணம் வருகிறது என்று தெரியாவிட்டால் உங்களுக்குச் சோறு இறங்காதா? சரி, படித்துத் தொலையுங்கள்.

என் வீட்டுக்காரர் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கியவர். அவர் போன பிறகு அவருடைய பி.எஃப். பென்ஷன் எனக்கு வந்தது. "நீங்க நடவுக்குப் போறது தெரிஞ்சா பென்ஷனை நிறுத்திடுவாங்க அத்தை" என்றாள் எதிர்வீட்டுச் செல்வி. பயந்துபோய் அந்தச் சம்பா போகத்துக்கு நான் வயலில் இறங்கவே இல்லை. கூப்பிட வந்த பெண்களிடம் முழங்கால் வலி என்று பொய் சொன்னேன். அவர்கள் பேசிச் சிரித்துக்கொண்டு போவார்கள். நான் அவர் படுத்த கட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து அழுவேன். அவர் செத்த அன்றுகூட அவ்வளவு அழவில்லை.

அறுவடையும் முடிந்தது. பென்ஷனுக்காக, நான் உயிரோடு இருப்பதைக் காட்டக் கீழ்வேளூர் பேங்குக்குப் போனேன். அங்கிருந்த பெண், "மறுபடி கல்யாணம் பண்ணிக்கிட்டீங்களா பாட்டி?" என்று கேட்டாள்.

"ஏம்மா, மாப்பிள்ளை பார்த்து வச்சிருக்கியா?"

சிரித்துவிட்டாள். "கல்யாணம் பண்ணிக்கிட்டாதான் இது நிக்கும், அதான் கேட்டேன்."

"நடவுக்குப் போனா?"

"தாராளமா போங்க. இது தாத்தா உழைச்சதுக்கு வர்றது. உங்க கூலிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போதெல்லாம் எதுவானாலும் நேரே போய்க் கேட்டுவிடுகிறேன். குறுவைக்கு முதல் ஆளாக வயலில் இறங்கினேன். முழங்கால் வலி எங்கே போச்சு என்று கேட்ட தெருப் பெண்களிடம் சொன்னேன்: "செத்த மனுசன் எனக்காக இன்னும் மூட்டை தூக்கிக்கிட்டு இருக்காரு. உசுரோட இருந்த நான்தான்டி ஒரு போகம் செத்துக் கிடந்தேன்."