பொட்டு வைத்த விளையாட்டுக்காரன்

எனக்கு வடிவாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மறதியும் கூடிப்போச்சு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

எழுபதுகளில் நானும் இவரும் சிட்னியில் ஹோம்புஷில் ஒரு பிளாட்டில் இருந்தோம். நான் பிஸ்கற் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினேன். நாள் முழுக்க நின்ற நிலை. வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தால் எழும்ப ஏலாது.

எனக்குப் பக்கத்தில் நின்றவ ஒரு வெள்ளைக்காரப் பெண். அங்கே என்னோடு கதைத்த ஒரே ஆள் அவதான். குளிர்காலத்தில் பபிள்கம் பைக்கற் வாங்குவா. உள்ளே ரக்பி விளையாட்டுக்காரரின் படம் போட்ட கார்ட் இருக்கும். தன் குழு ஆட்களை வைத்துக்கொண்டு மற்றதை எறிவா. ஒருநாள் எறிய முன்னம் கையை நீட்டினேன். பிறகு நானும் வாங்கத் தொடங்கினேன். கம் அவவுக்கு, கார்ட் எனக்கு.

எனக்கு அந்த விளையாட்டு விளங்காது. சிரிக்கிற முகங்கள் பிடிக்காது. சேறு பூசி, கண் சோர்ந்து, எப்ப வீட்டுக்குப் போகலாம் என்று நிற்கிற முகம்தான் பிடிக்கும். காதுக்குக் கட்டுப் போட்ட ஒருவன், முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து நின்றான். என்னிடம் இருந்ததில் எனக்குப் பிடித்த முதல் ஆள் அவன்தான். கார்டில் ஒட்டின இனிப்பு மாவின் மணமும் பிடிக்கும். பின்பக்கத்தை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். நான் படித்த இங்கிலீஷ் அவ்வளவுதான்.

அவவுக்கும் கார்டில் ஒரு ஆள் என்றால் உயிர். நல்லாய்ச் சிரிக்கிறவன். "ஒரு கிழமை வைத்துப் பார், கவனம்" என்று அவன் கார்டை எனக்குத் தந்தா.

அந்தக் கிழமை சரஸ்வதி பூசை. வீட்டில் புத்தகம் இல்லை. நான் வாசிக்கிறது இதுதானே என்று கார்ட் எல்லாவற்றையும் சாமிப்படத்துக்கு முன்னால் அடுக்கினேன்.

"இஞ்சாரும், சரஸ்வதிக்கும் உந்த மூக்குடைஞ்சவங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் இவர்.

"உங்கட பேனையும்தானே இருக்கு. இதுவும் இருக்கட்டும்."

களைப்பில் பார்க்கவில்லை. படம் என்றால் நெற்றியில் பொட்டு வைத்துப் பழகின கை, மேலே இருந்த கார்டுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டது. பூசையில் வைத்ததை விஜயதசமி வரைக்கும் தொடக்கூடாது. அன்று எடுத்தால், அது அவவின் ஆள். துடைக்கத் துடைக்கச் சிவப்புப் பரவியது. வேறு வாங்கிக் கொடுக்க, ஆட்டக்காலம் முடிந்து, கடைகளில் அந்தப் பைக்கற்றும் இல்லை. அடுத்த நாள் வேலையில் அப்படியே அவவிடம் கொடுத்தேன்.

"என்ன இது, ரத்தமா? இவனுக்கு அடிபடவே இல்லையே!" என்றா.

என் நெற்றிப் பொட்டைத் தொட்டுக் காட்டி, "சாமி, சாமி" என்றேன். அதுக்கு இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. அவ சிரிக்கவில்லை. கார்டை என் பக்கம் தள்ளிவிட்டுத் திரும்பி நின்றா.

இரண்டு நாள் பேச்சில்லை. பெட்டிகள் ஒவ்வொன்றும் கல்லு மாதிரிக் கனத்தது. மூன்றாம் நாள், காதுக்குக் கட்டுப் போட்டவனைக் கொண்டுபோய் நீட்டினேன்.

"இவன் என்ர குழுவே இல்லையே."

"என்ர பெஸ்ட்" என்றேன்.

கார்டை வாங்கிப் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தா. பிறகு அதை ஏப்ரன் பைக்குள் வைத்தா. தேத்தண்ணி நேரம் தன் கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு இருந்தா. நான் கொடுத்த, மிச்சம் கிடந்த பழைய கம்மைச் சப்பினா.

பொட்டு வைத்தவன் இப்பவும் என்னிடம்தான், சிரித்தபடி. மற்றவன்தான் இடைக்கிடை நினைவுக்கு வருவான். கட்டு எந்தக் காதில் என்றுகூட மறந்துபோச்சு. அந்த நாளில் ஆட்டக்காலம் பூசைக்கு முன்னமே முடியுமோ என்றும் நிச்சயமில்லை. விளையாட்டுத் தெரிந்தவர்கள் யாராவது ஒருக்கால் பார்த்துத் திருத்திவிடுங்கோ.