மஞ்சள் பூசிய ரிலே

பேயோ ஜின்னோ, டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் நான் எதையும் நம்புகிறவன் இல்லை. முப்பத்தைந்து வருஷம் கடத்தூரில் ரேடியோ, மோட்டார், வயரிங் வேலை பார்த்தவன். ஒரு வீட்டில் பல்பு தானாக எரிந்தால் சிலர் மந்திரிக்கப் போவார்கள், நான் நியூட்ரல் வயரைப் பார்ப்பேன். இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரிக்கப் போகிறீர்கள் என்று தெரியும், பரவாயில்லை, நானும் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

எண்பத்தி நாலோ ஐந்தோ இருக்கும். எங்கள் ஊரிலிருந்து மூன்று மைலில் பெரியசாமி அண்ணன் என்று ஒரு விவசாயி. அவர் கிணறு வீட்டிலிருந்து இரண்டு வயல் தள்ளி இருந்தது. கரண்ட் வரும்போதெல்லாம் மோட்டார் போட ஓடியே மனுஷனுக்குக் கால் தேய்ந்துவிட்டது. அதனால் சமையலறைச் சுவரில் இரண்டு பட்டனும் ஒரு பச்சை பல்பும் வைத்து, கிணற்றுக் கொட்டகை வரை வயர் இழுத்துக் கொடுத்தேன். உள்ளே இருந்து பட்டனை அமுக்கினால் கிணற்றில் மோட்டார் ஓடும். ஓடுகிறதா இல்லையா என்று பல்பு சொல்லும். மோட்டார் ஓடும்போது கொட்டகைப் பெட்டியில் ஒரு சின்ன ரிலே 'டக்' என்று ஒட்டும், அது ஒட்டினால்தான் பல்பு எரியும், அவ்வளவுதான் சூட்சுமம். பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாம் வந்து வேடிக்கை பார்த்தார்கள். அவர் மனைவி ருக்குமணி அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை, வந்தவர்களுக்கெல்லாம் பட்டனை அமுக்கிக் காட்டுவார்.

அவர்கள் மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம் ஒரு ஆள் சைக்கிளில் வந்து கடை வாசலில் மூச்சு வாங்கினார். காலையிலிருந்து பச்சை பல்பு எரிகிறதாம், தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லையாம். மோட்டார் ஓடுகிறது என்று அக்கா நம்பிக்கையோடு இருந்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் இருட்டுவதற்குள் வந்துவிடுவார்கள், சமையல்காரர்கள் காலி அண்டாக்களோடு உட்கார்ந்திருக்கிறார்கள். மும்முனைக் கரண்ட் ஐந்து மணிக்குப் போனால் மறுநாள்தான் வரும். கல்யாண வீட்டில் தண்ணீர் இல்லை என்றால் பேர் கெடுவது அவர்களுக்கு மட்டுமா, எனக்கும்தான்.

கொட்டகைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன், சிரிப்பு வந்துவிட்டது. முதல் நாள் பந்தக்கால் நட்டபோது வீட்டில் இருந்த அம்மி, உலக்கை, வண்டிச் சக்கரம் எல்லாவற்றுக்கும் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தவர்கள், இந்தப் பெட்டியை மட்டும் விட்டுவிடுவார்களா? மூடியைக் கழற்றி, ரிலேவுக்கே குழைத்த மஞ்சளைத் தாராளமாக அப்பி நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள். மஞ்சள் காய்ந்து ரிலே ஒட்டினது ஒட்டினபடியே நின்றுவிட்டது, அதனால்தான் பல்பு பொய் சொல்லியது. ஸ்டார்ட்டருக்குள்ளும் அதே அபிஷேகம். அதைச் சுத்தம் செய்யாமல் மோட்டாரைக் கையால்கூட ஓட்ட முடியாது.

முதல் வேலையாக, கரண்ட் உள்ளே வராதபடி மூன்று பீஸ் கட்டைகளையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டேன். ரிலேவைக் கழற்றினேன், ஸ்டார்ட்டரைக் கழற்றினேன், எல்லாவற்றையும் சாக்கின் மேல் பரப்பி மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தேன். மோட்டார் என் முழங்காலுக்குப் பக்கத்தில் சில்லென்று கிடந்தது. மணி நாலரை. ஒரு ஸ்பிரிங் வேறு எங்கோ தெறித்துப் போய் அதைத் தேடுகிறேன்.

அப்போது வரப்பு மேல் பெரியசாமி அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். வாயெல்லாம் பல்.

"போதும் நிறுத்து சலீமு, தொட்டி வழிஞ்சி பந்தலு வரைக்கும் வந்துருச்சு" என்றார்.

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். அப்புறம் அவர் காலைப் பார்த்தேன், முழங்கால் வரை நனைந்திருந்தது. அவரும் சாக்கின் மேல் கிடந்ததைப் பார்த்தார், சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. இருவரும் வீட்டுக்கு ஓடினோம்.

நம்பினால் நம்புங்கள். தொட்டியில் குழாய் வாய் நிறையத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. குழந்தைகள் அதற்கடியில் ஆட்டம் போடுகிறார்கள், சமையல்காரர்கள் அண்டாக்களை நிரப்பிவிட்டு வெற்றிலை போடுகிறார்கள், கல்யாணப் பெண்கூட வாசலில் நின்று சிரிக்கிறாள். சமையலறையில் பச்சை பல்பு அமைதியாக எரிந்தது. வயரில் ஈரக்கசிவு இருந்தால் பல்பு எரியலாம், அது எனக்குத் தெரியும். தண்ணீர் எப்படி வரும்? அந்தக் குழாயில் வேறு எந்தக் கிணறும் சேரவில்லை. நான் மோட்டாரை நிறுத்துகிற சிவப்புப் பட்டனை அமுக்கினேன். பல்பு அணைந்தது, தண்ணீரும் நின்றது. சட்டைப் பையில் மூன்று பீஸ் கட்டைகளும் மார்பில் இடித்துக்கொண்டிருந்தன.

பயந்தேனா என்று கேட்கிறீர்கள். எங்கே பயப்பட நேரம், மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள். அண்ணன் தீர்த்தமலை சாமி கைங்கரியம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் போய் எல்லாவற்றையும் திரும்ப மாட்டினேன், மறுநாள் மோட்டார் ஒழுங்காக ஓடியது. அப்படி ஒரு சந்தோஷமான கல்யாணத்தை நான் பார்த்ததில்லை, முதல் பந்தியில் என்னை மாப்பிள்ளையின் மாமனுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

கிளம்பும்போது ருக்குமணி அக்கா தாம்பூலப் பையைக் கொடுத்துவிட்டு, "நீ எப்போ தம்பி கன்னடம் கத்துக்கிட்டே?" என்றார். அவர் பிறந்த வீடு ஓசூர்ப் பக்கம், கன்னடம் பேசுகிற குடும்பம். எனக்கு அதில் ஒரு வார்த்தை வராது.

"அடுப்படி ஜன்னலுக்கு வெளிய நின்னு சொன்னியே தம்பி. 'பட்டனு ஒத்தக்கா, நீரு பருத்தெ'ன்னு கன்னடத்துல. பட்டன அமுக்குங்க, தண்ணி வரும்னு. அதுக்கப்புறந்தான நான் அமுக்கனேன்."

அந்த நேரம் நான் இரண்டு வயல் தள்ளிக் கிணற்றடியில் ஸ்பிரிங் தேடிக்கொண்டிருந்தேன். அக்காவிடம் சொன்னேன், அவர் நம்பவில்லை. என் குரல்தான் என்று சத்தியம் செய்தார்.

இன்றைக்கும் அந்த வீட்டுக்குப் போனால் அந்தக் கன்னட வார்த்தைகளை ஒரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்பார். நானும் சிரித்துக்கொண்டே சொல்லிப் பார்ப்பேன். அக்கா தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டுவிட்டு, "இல்ல தம்பி, அன்னைக்கி எங்க பொறந்த வூட்டு ஆளுங்க மாதிரியே சொன்னே" என்பார்.

ஒரு தடவைகூட எனக்குச் சரியாக வந்ததில்லை.