சைவமா என்று கேட்டார்கள்

ஒரே மொழி பேசும் ஊருக்குத்தானே போகிறேன், என்ன சங்கடம் வந்துவிடப் போகிறது என்ற தெம்பில்தான் நாகப்பட்டினத்தில் கப்பலேறினேன். நான் நாகர்கோவில் பக்கத்துப் பெண். மழலையர் கல்வி படித்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பருவத்தில் வெளிநாட்டுப் பள்ளி ஒன்றில் பயிற்சி ஆசிரியையாக இருந்துவிட்டு வர எங்கள் கல்லூரியில் ஓர் ஏற்பாடு உண்டு. கூடப் படித்தவர்கள் சிங்கப்பூர், மலேசியா என்று பறந்தார்கள். நான் யாழ்ப்பாணத்தைக் கேட்டு வாங்கினேன். மொழி தெரிந்த இடமென்றால் பிள்ளைகளோடு நன்றாக வாயாடலாமே என்பது என் நினைப்பு.

புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு சபையார் என் தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். "போற இடத்துல சாட்சியா இரும்மா" என்றார் போதகர். நீ வாய் திறக்காவிட்டாலும் உன் நடத்தையைப் பார்த்தே நீ யாருடைய பிள்ளை என்று பிறருக்குத் தெரிய வேண்டும் என்று அதற்கு அர்த்தம். நானும் பெரிய மனுஷி போலத் தலையாட்டினேன். யாருக்கு என்ன தெரிந்தது என்பதைத்தான் இனிமேல் சொல்லப்போகிறேன்.

நீர்வேலிக்குப் பக்கத்தில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்தது அந்த முன்பள்ளி. ஓட்டுக் கூரை, சுவரில் யானையும் மயிலும், முற்றத்தில் ஒரு சறுக்கு மரம். தலைமை ஆசிரியை பக்கத்து வீட்டிலேயே குடியிருந்தார். எனக்கும் அந்த வீட்டில்தான் ஓர் அறை. முதல் நாள் மதியம் சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கேட்டார்:

"நீர் சைவமோ, பிள்ளை?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே நான் வளர்ந்தேன். சின்ன வயதில் மஞ்சள் காமாலை வந்து, இறைச்சி மீன் கூடாது என்று மருத்துவர் சொன்னார். காமாலை போய்விட்டது, வெறுப்பு மட்டும் நின்றுவிட்டது. கிறிஸ்துமஸ் அன்று பிரியாணி அண்டாவுக்கு எதிரே உட்கார்ந்து தயிர்சாதம் பிசைகிற பிறவி நான். "இவ எந்த ஊரு கிறிஸ்தவடே?" என்று மாமா வருஷம் தவறாமல் கேட்பார். எனவே யோசிக்காமல் சொன்னேன்:

"ஆமாக்கா, சைவம்தான். கறியே சாப்பிட மாட்டேன்."

அவர் அடுப்பில் இருந்த பூசணிக்காய்க் கறியையும் வெண்டிக்காய்க் கறியையும் பார்த்தார். என்னையும் பார்த்தார். "கறி தின்னாட்டி வெறுஞ்சோறே தின்னப்போறீர்?"

எங்களுக்குக் கறி என்றால் இறைச்சி. அவர்களுக்குக் குழம்பில் வேகும் எல்லாமே கறி. அது விளங்கியதும் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். கறியைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் சைவத்தை யாரும் கவனிக்கவில்லை. சைவமோ என்று அந்த ஊரில் கேட்டால், நீ எந்தச் சமயம் என்றுதான் அதிகம் கேட்கிறார்கள் என்பது எனக்கு வெகு நாள் கழித்தே தெரிந்தது. சைவம் இல்லாவிட்டால் வேதம். வேதம் என்றால் கிறிஸ்தவம். எங்கள் ஊரிலும் வேதக்காரர் என்ற சொல் உண்டு, ஆனால் சைவமா என்று கேட்டுச் சமயத்தை அறிகிறவர்களை நான் கண்டதே இல்லை.

போதாததற்கு என் வாய் வேறு. எங்கள் பக்கம் நாங்கள் தேவாலயத்தையும் கோயில் என்றே சொல்லுவோம். ஞாயிறு காலையில் குளித்துப் புடவை கட்டி, "கோயிலுக்குப் போய்ட்டு வர்றேன்க்கா" என்று சொல்லிவிட்டு டவுனுக்கு பஸ் ஏறுவேன். அந்தத் திசையில்தான் நல்லூர்க் கந்தசாமி கோயிலும் இருக்கிறது. "கவனமாப் போட்டு வாரும். எனக்கும் சேர்த்துக் கும்பிடும்" என்று அனுப்புவார் அவர். நானும் சேர்த்தே ஜெபித்தேன். என் பெயரோ சுத்தமான தமிழ்ப் பெயர். நெற்றியில் அம்மாவுக்குப் பிடிக்காத சின்னக் கறுப்புப் பொட்டு. எல்லாமாகக் கூடி என்னைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றின, நான் ஒளியவே இல்லாதபோது.

காலையில் பிள்ளைகள் கண்ணை மூடி, கைகூப்பித் தேவாரம் பாடுவார்கள். நானும் கைகூப்பி நிற்பேன். முதலில் மனதுக்குள் என்னுடைய ஜெபத்தைச் சொன்னேன். சில நாட்களில் ராகம் தொற்றிக்கொண்டு உதடு தானாக முணுமுணுத்தது. நான் யாரைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே ஒரு குழப்பம். சரி, பிள்ளைகள் நடுவில் நிற்கிறேன், தவறாகிவிடாது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி வாயே திறக்காதவள். நாலு வயது. யாராவது கையைப் பிடித்து எழுதவைக்கப் போனால் விரல்களை மடக்கிக்கொள்வாள். என்னிடம் எப்படி ஒட்டினாள் என்றால், என் தமிழ் அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. ஒரு நாள் மெல்ல வந்து, "ரீச்சர், உங்களோடை கதைக்கோணும்" என்றாள். நான் ஆசையாக நரிக் கதைப் புத்தகத்தை எடுத்து விரித்தேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "கதை இல்லை ரீச்சர், கதைக்கிறது!" பேச வேண்டும் என்றிருக்கிறாள். அன்றிலிருந்து எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பது அவள் வேலையாயிற்று. அந்த வேலைக்குச் சம்பளமாகத் தன் ஆட்காட்டி விரலை எனக்குத் தந்தாள். மண் தட்டில் நான் அவள் விரலைப் பிடித்து வட்டம் போடுவேன், கோடு போடுவேன். எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. என் பயிற்சி முழுவதும் அந்தச் சின்ன விரலில்தான் இருக்கிறது என்று நினைத்தேன்.

புரட்டாசி பிறந்ததும் அவளுடைய அம்மா படலையடியில், வேலிக் கதவருகே, என்னை நிறுத்தினார். வாழைத் தோட்டக்காரர் வீட்டுப் பெண். அதிகம் பேசமாட்டார்.

"ரீச்சர், உவள் வேறை ஆருக்கும் கையைக் குடுக்கமாட்டாள். நீங்களும் சைவம்தானே. விசயதசமிக்கு உவளின்ரை ஏட்டை நீங்களே தொடக்கி விடுங்கோவன்."

ஏடு தொடக்கல் என்றால் குழந்தையை மடியில் இருத்தி, சரஸ்வதி படத்துக்கு முன்னால் பரப்பிய அரிசியில் அதன் விரலால் முதல் எழுத்தை எழுதவைப்பது. தொடக்கிய கையின் ராசி பிள்ளையின் படிப்போடு கடைசி வரைக்கும் போகும் என்பது நம்பிக்கை. அதைச் செய்கிறவர் மரக்கறி உணவுக்காரராக இருக்க வேண்டும் போலிருக்கிறது, அதனால்தான் சைவமா என்று கேட்கிறார் என்று எண்ணினேன். நான் கிறிஸ்தவள் என்பது அவர்களுக்குத் தெரியும் என்றே நம்பினேன். ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போகிறவள் வேறு யாராக இருப்பாள்?

"நான் செய்யலாமாக்கா?" என்று கேட்டேன்.

"ஏன் செய்யக்கூடாது? படிப்பிக்கிற ஆள்தானே."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு கிறிஸ்தவப் பெண்ணை நம்பி இவ்வளவு பெரிய காரியத்தைத் தருகிறார்களே, எங்கள் ஊரில் நடக்குமா என்று நெகிழ்ந்துபோனேன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உண்மையாகவே யோசித்தேன். ஒரு சமயம், ஓர் எழுத்துதானே, அகரத்துக்கு என்ன மதம் என்று தோன்றும். மறு சமயம், சாட்சியாயிரு என்று அனுப்பப்பட்டவள் சரஸ்வதி படத்தின் முன்னால் உட்காரலாமா என்று மனம் மறுக்கும். ஜெபித்துப் பார்த்தேன். பதில் வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கதையை இவ்வளவு நீட்டியிருக்க மாட்டேன்.

பதிலுக்கு முன்னால் வாணி விழா என்கிற சரஸ்வதி பூசைக்கான ஒத்திகை வந்தது. பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துத் தலைமை ஆசிரியைக்குத் தொண்டை கட்டிவிட்டது. "நீர் ஒண்டு படியுமன். உங்கடை கோயிலிலை என்ன படிக்கிறனீங்கள்?" என்றார். அங்கே பாட்டுப் படிப்பது என்றால் பாடுவது, அதற்குள் அது எனக்குத் தெரிந்திருந்தது.

"கீர்த்தனை பாடுவோம்க்கா."

"அப்ப ஒரு கீர்த்தனை படியும், கேப்பம்."

நான் குரலெடுத்துப் பாடினேன். முதல் அடி வரைக்கும் அவர் தாளம் போட்டார். இரண்டாவது அடியில் இயேசு வந்துவிட்டார். தாளம் நின்றது.

"நீர் வேதமே?"

"ஆமாக்கா."

"சைவம் எண்டெல்லோ சொன்னனீர்?"

"சைவம்தான்க்கா. முட்டைகூடச் சாப்பிட மாட்டேன்."

"அப்ப ஞாயிற்றுக்கிழமையிலை எங்கை போனனீர்?"

"கோயிலுக்கு."

அவர் நெற்றியில் கைவைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அவர் சட்டென்று நிறுத்திவிட்டு, "தாய்க்காரிக்கு ஆர் சொல்லுறது?" என்றார். நானே சொல்கிறேன் என்று அன்று பின்னேரமே அந்த வீட்டுக்குப் போனேன். சொன்னால் அவரும் சிரிப்பார் என்றுதான் நினைத்தேன்.

அவர் சிரிக்கவில்லை. வாழைக்குலை துடைத்துக்கொண்டிருந்தவர் துணியைக் கீழே வைத்தார்.

"என்ரை தம்பியும் வேதத்திலை சேர்ந்தவன். அப்பா செத்தபோது கொள்ளி வைக்கமாட்டனெண்டு நிண்டவன். ஒரே ஆம்பிளைப் பிள்ளை. சித்தப்பாவின்ரை மோன்தான் வைச்சவன்." துணியை மறுபடியும் எடுத்தபடி கேட்டார்: "பிள்ளைக்கு என்னென்ன சொல்லிக் குடுத்தனீங்கள்?"

"பூனை, நாய், பச்சை, சிவப்பு" என்றேன். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஆனாலும் பொய்க்காரியாக அந்த முற்றத்தில் நின்றேன். கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. அந்தத் தம்பி மேல் வந்தது, அப்படியே திரும்பி என் மேல் வந்தது. இவர் கேட்ட உடனே, என் மனச்சாட்சி இடம் தராது என்று நான் சொல்லியிருந்தால் நானும் அந்தத் தம்பிதானே? சம்மதித்திருந்தால் போதகருக்கு என்ன முகத்தைக் காட்டுவேன்? இருதலைக் கொள்ளி எறும்பு என்று பள்ளிக்கூடத்தில் சும்மா எழுதியிருக்கிறேன்.

அடுத்த நாளிலிருந்து பிள்ளை பள்ளிக்கு வரவில்லை. மண் தட்டின் முன்னால் வேறு பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். விஜயதசமியன்று பிள்ளையார் கோயிலில் ஐயரே அவளுக்கு ஏடு தொடக்கினார். "அழாமல் எழுதினவளாம், ஓம் எண்டும் சொன்னவளாம்" என்று தலைமை ஆசிரியை வந்து சொன்னார். அப்பாடா என்றிருந்தது, என் தலை தப்பியது. அடுத்த நிமிஷமே நெஞ்சு வலித்தது. யாருக்கும் கொடுக்காத விரலை ஐயருக்குக் கொடுத்துவிட்டாளே என்று ஒரு பொறாமை. வேண்டாம் என்று தவித்த ஒன்றைப் பிறர் செய்துவிட்டால் ஏன் இப்படி வலிக்க வேண்டும்? இன்று வரை எனக்கு விளங்கவில்லை.

விடுமுறை கழிந்து பள்ளி திறந்த அன்று அவள் வந்தாள். வரவேண்டுமென்று வீட்டில் ஒரே அழுகையாம். அம்மாவும் வந்தார், ஆனால் விட்டுவிட்டுப் போகவில்லை. காலில் செருப்போடு, கையில் குடையோடு, வகுப்பு வாசல்படியில் நின்றார். நான் கண்ணை நிமிர்த்தவே பயந்தேன்.

அவளுக்கு அதெல்லாம் என்ன தெரியும்? புது வித்தை படித்து வந்தவள், அதை எனக்குச் சொல்லிக்கொடுக்காமல் இருப்பாளா? மண் தட்டை இழுத்து வந்து வைத்தாள். என்னைப் பாயில் இருத்தினாள். என் மடியில் ஏறி உட்காராமல், என் பின்னால் நின்று, தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, என்னுடைய ஆட்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டாள். ஐயரைப் போலவே தொண்டையைச் செருமினாள்.

"முதலிலை ஓம் எண்டு சொல்லோணும். சொல்லுங்கோ ரீச்சர்."

வாசலைப் பார்த்தேன். அம்மா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சுடலையில் நின்ற அந்தத் தம்பியையும் அவர் இப்படித்தான் பார்த்திருப்பார். அவனும் இப்படித்தான் சம்மதிக்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் நின்றிருப்பானோ என்று முதல் முறையாக நினைத்தேன்.

"சொல்லுவியள்தானே?" என்றாள் பிள்ளை. குரலில் அழுகை தட்டியது.

"ஓம்" என்றேன்.

அந்த ஊரில் ஆமாம் என்பதற்கும் ஓம் என்றுதான் சொல்கிறார்கள். கடைக்காரரிடம், பஸ் நடத்துனரிடம் நானும் சொல்லப் பழகியிருந்தேன். சொல்லுவேன் என்று அவளுக்குப் பதில் சொன்னேனா, சொல்லச் சொன்னதையே சொன்னேனா? அவள் அதையெல்லாம் பார்க்கவில்லை. திருப்தியோடு என் விரலை மண்ணில் அழுத்தி, கோணல் மாணலாக ஓர் அகரத்தை இழுத்து முடித்தாள்.

வாசலிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"உது எந்த ஓம், ரீச்சர்?"

ஒரு பதில் சொல்லித் தப்பியிருக்கலாம். எந்தப் பதில் சொன்னாலும் அது பாதிப் பொய்யாக இருந்திருக்கும்.

"தெரியலக்கா" என்றேன். அழுதுவிட்டேன்.

அவர் குடையைச் சுவரில் சாய்த்து வைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பாயின் ஓரத்தில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சரி," என்றார். "அடுத்தது ஆவன்னா. ரெண்டு பேரும் எழுதுங்கோ, பாப்பம்."