பெட்டியின் மேல் இரண்டு டேப்

மகளின் காலைப் பார்த்த டாக்டர், "என்ன வேலைம்மா செய்றீங்க?" என்று கேட்டார். முழங்காலுக்குக் கீழே நரம்பு கயிறு மாதிரி சுருண்டு புடைத்திருந்தது. ஜெராக்ஸ் கடையில் வேலை என்றாள். உட்கார்ந்தா, நின்றா? நின்றுதான். எத்தனை வருஷமாக? பதினெட்டு. டாக்டர் பேனாவை மூடி வைத்தார். இனிமேல் நிற்கிற வேலையே கூடாது, உட்காரும்போதும் காலைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்றார்.

வீட்டில் நானும் அவளும் மட்டும்தான். அவள் வேலை செய்த கடை, மந்தைவெளியில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. மெஷின் முன்னால் நிற்பதும் அவள்தான், நடுநடுவே தமிழில் டைப் அடித்துக் கொடுப்பதும் அவள்தான். மனு, கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாள் எல்லாம் அடிப்பாள். கடைக்காரர் நல்ல மனுஷன். மெஷினுக்கு வேறு ஆள் போட்டுக்கொள்கிறேன், டைப் வேலையை வீட்டுக்கே அனுப்புகிறேன், ஆனால் உங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இருக்க வேண்டும் என்றார். பரீட்சைக் கேள்வித்தாள் திங்கட்கிழமை வந்துவிடும். அதற்குள் கம்ப்யூட்டர் வராவிட்டால் லஸ் பக்கம் ஒரு டைப்பிங் சென்டருக்குக் கொடுத்துவிடுவார். ஒரு தடவை அங்கே போன வேலை திரும்பி வராது என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

இது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை காலை பேப்பருக்குள் ஒரு நோட்டீஸ் இருந்தது. பாண்டி பஜார் பக்கம் ஒரு மூன்று மாடிக் கடை. கம்ப்யூட்டர் படம் போட்டு, பழைய விலையைச் சிவப்புக் கோட்டால் அடித்து, பக்கத்தில் புது விலை போட்டிருந்தார்கள். ஏறக்குறைய பாதி.

"நமக்குன்னே போட்டா மாதிரி கீதும்மா" என்றாள் மகள்.

நான் அந்தச் சிவப்புக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தேன். அந்தக் கோட்டைப் போடுவதுதான் என் தொழிலாக இருந்தது.

நான் ஐந்தாவது வரை படித்தவள். தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை குடோனில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். கீழே கவுண்டருக்கு அனுப்பினார்கள், இரண்டே நாளில் திரும்பி வந்துவிட்டேன். எதிரில் ஆள் வந்து நின்றால் எனக்கு நாக்கு எழும்பாது. அதனால் மேல்மாடியில் பாயில் உட்கார்ந்து புடவைகளுக்கு விலைச் சீட்டு ஒட்டினேன். ஆடி வருவதற்கு முன்னால் பெட்டி பெட்டியாக வரும். பிரிப்போம், சீட்டு மாற்றுவோம், கோடு போடுவோம், மறுபடி டேப் ஒட்டிக் கீழே அனுப்புவோம். எல்லாவற்றிலும் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். நிஜமாகவே விலை குறைத்ததும் உண்டு. ஆனால் விலை குறைத்த ஒவ்வொரு புடவைக்கும், அது ஏன் விற்காமல் நின்றது என்று ஒரு காரணம் இருந்தது. நீளம் குறைந்திருக்கும், இல்லையென்றால் மடிப்பில் நூல் விட்டிருக்கும். வாங்குகிறவர்கள் விலையைக் கேட்பார்கள். காரணத்தைக் கேட்டவர்கள் ரொம்பக் குறைவு.

குடோனை விட்டு வந்தபோது கொடுத்த பணத்தில் மிச்சம் கொஞ்சம் பேங்கில் இருந்தது. அது ஒரு கம்ப்யூட்டருக்குத்தான் காணும். தப்பாக வாங்கிவிட்டால் இன்னொன்று கிடையாது.

சனிக்கிழமை போனோம். மகள் நிற்கக் கூடாது என்பதால் மூன்று பஸ்ஸை விட்டு, உட்கார இடமிருந்த ஒன்றில் ஏறினோம். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத ரோஸ் கலர் பஸ். வழியெல்லாம் அவள் என்னைக் கிண்டல் செய்துகொண்டு வந்தாள்.

"நீ வந்து இன்னா பண்ணப் போற? கடைல வாயே தொறக்க மாட்ட."

"சும்மா பாத்துக்கினு இருப்பேன்."

"கம்ப்யூட்டரு இன்னா கத்திரிக்காவா, பாத்து வாங்க?"

கடையில் எங்களிடம் வந்த விற்பனைக்காரருக்கு நாற்பது வயசிருக்கும். மூக்குக் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே பேசினார். இந்த மாடலில் ஒன்றே ஒன்றுதான் பாக்கி, புது பீஸ், சீல் பிரிக்காதது என்று சொல்லி ஒரு பெரிய அட்டைப்பெட்டியைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து வைத்தார். மகள் ஆசையாகப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். நானும் பார்த்தேன். டேப் மேல் டேப் இருந்தது. அடியில் இருந்தது நிறம் மங்கி, கத்தியால் நேராகக் கிழிபட்டிருந்தது. அதற்கு மேலே பளபளவென்று புதுசாக ஒன்று.

மகளின் முந்தானையை இழுத்துக் காதில் சொன்னேன். அவள் அவரிடம், "எங்கம்மா இது ஏற்கெனவே பிரிச்ச பெட்டின்னு சொல்றாங்க" என்றாள்.

அவர் சிரித்தார். "லாரியில வரும்போது கிழிஞ்சிருக்கும்மா. அதான் மேல ஒட்டியிருக்காங்க."

எனக்கே தெரியாமல் வாய் திறந்துவிட்டது. "லாரில கிழிஞ்சா மூலைலதான் கிழியும். இது வாய்ல ஒட்டிகீது."

அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அம்மா எந்தக் கடையில இருந்தீங்க?" என்றார். நான் மகளுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். அதற்குள் முகம் சூடாகிவிட்டது.

பிறகு அவராகவே சொன்னார். அது ஷோவுக்கு மேஜை மேல் வைத்திருந்ததாம், திருப்பிப் பெட்டியில் போட்டிருக்கிறார்களாம். "சொல்லச் சொன்னதைத்தாம்மா நானும் சொன்னேன்" என்று குரலைத் தாழ்த்தினார். மகள் பெட்டியில் இருந்த நம்பரைத் தன் போனில் போட்டுப் பார்த்தாள். ஒரு வருஷ வாரண்டியில் ஏழு மாசம் ஏற்கெனவே கரைந்திருந்தது.

மகளின் முகம் வாடிப்போனது. கிளம்பலாம் என்று பையை எடுத்தாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் ஜவுளிக்கடையில் பொம்மைக்குக் கட்டி வைத்த புடவையைக் கடைசியில் வேலைக்காரர்களுக்கே குறைந்த விலைக்குக் கொடுத்துவிடுவார்கள். ஒரு பக்கம் டியூப் லைட் பட்டு வெளுத்திருக்கும். அப்படி வாங்கிய ஒன்றை நான் பத்தொன்பது வருஷம் கட்டினேன். ஷோவுக்கு நின்றது என்பதற்காகவே ஒன்று மட்டமாகிவிடாது. எனக்குத் தெரிய வேண்டியது வேறு. இந்தத் தடவை காதில் சொல்லாமல் நானே கேட்டேன்.

"ஏழு மாசம் எல்லாரும் பாக்குற எடத்துல இருந்துகீது. ஏன் விக்கல?"

அவர் மறுபடி கண்ணாடியைத் துடைத்தார். "மெதுவா ஓடும்மா. உள்ள இருக்குறது பழைய மாதிரி டிஸ்க். இப்ப யாரும் அத வாங்கறதில்ல."

அது போதும் எனக்கு. பிரித்து ஓட்டிக் காட்டச் சொன்னேன். அவர் மேஜையில் வைத்து ஒயரெல்லாம் சொருகி ஆன் செய்தார். ஒரு டம்ளர் காபியை நிதானமாகக் குடித்து முடிக்கிற நேரம் ஆனது, திரையில் படம் வர. மகள் ஸ்டூலில் உட்கார்ந்து ஏதேதோ அழுத்தித் தமிழ் எழுத்து வரச் செய்துகொண்டாள். பையில் ஒரு பழைய கேள்வித்தாள் கொண்டுவந்திருந்தேன். அதை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தேன்.

அடிக்க ஆரம்பித்தாள். அவள் ஐந்து எழுத்து அடித்தால் திரையில் இரண்டு வந்தது. மீதி மூன்றும் தயங்கி நின்று, ஒன்றாக வந்து விழுந்தன. அவள் விரலைத் தூக்கிக் காத்திருந்தாள். மறுபடி அடித்தாள், மறுபடி காத்திருந்தாள். பாதிப் பக்கத்தில் நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"பரவால்லம்மா. பழகிடும்."

அந்த வார்த்தையை நான் முன்னாலேயே கேட்டிருக்கிறேன். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், கடையில் சேர்ந்த முதல் வாரம், ராத்திரி வந்து சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுத்துக்கொண்டு இதே மாதிரிதான் சொன்னாள். பழகிடும்மா. நானும் சரி என்று விட்டுவிட்டேன். நான் உட்கார்ந்து வேலை பார்த்தவள், எனக்கு அதன் கஷ்டம் தெரியவில்லை. இந்தத் தடவை விடுவதாக இல்லை.

"டிஸ்க்க மாத்த முடியாதா?" என்று அவரைக் கேட்டேன்.

மாற்றலாம் என்றார். புது மாதிரி டிஸ்க் போட்டு, மெமரியும் கொஞ்சம் கூட்டினால் பறக்கும் என்றார். அதற்குத் தனிக் காசு. அதையும் சேர்த்தாலும், இதே வேகத்தில் ஓடும் புதுசின் விலைக்குக் கீழேதான் நின்றது.

"அப்ப மாத்துங்க. மாத்தினதும் இவ திரும்ப அடிச்சிப் பாப்பா. அப்புறம் பில்லு போடலாம்."

"பில் போட்டாத்தாம்மா சர்வீஸ்ல எடுப்பாங்க. பில் போடாம மாத்தித் தர ரூல் இல்ல."

பக்கத்தில் இருந்த இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எனக்குப் பேச வராது. உட்கார்ந்திருக்க வரும், இருபத்தாறு வருஷம் அதைத்தானே செய்தேன். அவர் வேறு ஆட்களைக் கவனிக்கப் போனார், வந்தார், பார்த்தார், போனார். எதிர்ச் சுவரில் இருபது டிவியில் ஒரே ஆள் ஒரே சமையல் செய்துகொண்டிருந்தான். மகள், "மானம் போவுதும்மா, எழுந்திரு" என்றாள். நான் அந்தச் சமையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது சட்டியிலும் எண்ணெய் அதிகம்.

நாலாவது தடவை வந்தபோது அவர் என் எதிரில் குனிந்தார். "அம்மா, ஏழு மாசமா இத ஒருத்தரும் கேக்கல. நீங்களும் எழுந்து போயிட்டீங்கன்னா மறுபடி நான்தான் இதுக்கு டேப் ஒட்டணும். மாத்திக் குடுத்தா வாங்கிப்பீங்க இல்ல?"

"எழுத்து வெரல் கூடவே வந்தா வாங்கிப்பேன்."

யாரிடமோ போனில் மெதுவாகப் பேசினார். பிறகு அவரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே சர்வீஸுக்குப் போனார். ஒன்றரை மணி நேரம் ஆனது. கொண்டுவந்த தயிர் சாதத்தை அங்கேயே ஓரமாகத் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டோம். மகள் கூச்சப்பட்டாள். என்றைக்கும் இல்லாமல் எனக்குக் கூச்சமாக இல்லை.

மறுபடி கொண்டுவந்து வைத்து ஆன் செய்ததும், கண்ணை மூடித் திறப்பதற்குள் படம் வந்துவிட்டது. மகள் அதே கேள்வித்தாளை எடுத்துக்கொண்டாள். நான் திரையைப் பார்க்கவில்லை, அவள் விரலைத்தான் பார்த்தேன். ஒரு தடவைகூட விரல் மேலே தூக்கி நிற்கவில்லை. பாதிப் பக்கத்தில் நிறுத்துவாள் என்று நினைத்தேன், நிறுத்தவில்லை. கோடிட்ட இடம், பொருத்துக, மதிப்பெண் என்று கடைசி வரி வரைக்கும் அடித்துவிட்டு, எங்கே இருக்கிறோம் என்றே மறந்தவள் மாதிரி அடுத்த தாளுக்குக் கையை நீட்டினாள்.

"பில்லு போடுங்க" என்றேன். "இன்னிலேர்ந்து ஒரு வருஷம் கடை பொறுப்புன்னு பில்லுலயே எழுதி சீல் வெச்சிக் குடுங்க."

"பில்லுல எழுதற வழக்கம் இல்லம்மா" என்று ஆரம்பித்தவர், நான் ஸ்டூலைப் பார்ப்பதைப் பார்த்து, "எழுதித் தர்றேன், எழுதித் தர்றேன்" என்றார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எழுதிக் கொடுத்ததை எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்த பிறகுதான் பணத்தைக் கொடுத்தேன்.

ஆட்டோவில் பெட்டி எங்கள் இருவருக்கும் நடுவில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஜன்னலோரம் மேஜை போட்டு எல்லாவற்றையும் பொருத்தினாள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஜெராக்ஸ் கடைக்காரரே கேள்வித்தாள் கட்டோடு வந்தார். கம்ப்யூட்டரைச் சுற்றி வந்து பார்த்து, "எங்க வாங்கினீங்க?" என்றார். "அம்மாதான் வாங்குச்சு" என்றாள் மகள். அவர் அதை நம்பியதாகத் தெரியவில்லை. நானும் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

அவர் போன பிறகு அந்தக் காலி அட்டைப்பெட்டியை எடுத்தேன். வீட்டில் இருந்த பழைய புடவைகளை இறுக்கமாக மடித்து உள்ளே திணித்தேன். பத்தொன்பது வருஷம் கட்டினேனே, அதுவும் அதில் இருக்கிறது. வாயை மூடி, பழைய இரண்டு டேப்புக்கு மேலே மூன்றாவதாக ஒன்றை, குடோனில் ஒட்டுகிற மாதிரி ஒரே இழுப்பில் ஒட்டி, மேஜைக்குக் கீழே தள்ளினேன். மகள் அடித்துக்கொண்டே இரண்டு காலையும் தூக்கி அதன் மேல் வைத்துக்கொண்டாள்.