காயா போத்தலில் நான் தாண்டிய சொல்

அந்த ஒரு சொல்லை மட்டும் தாண்டிவிடலாம் என்ற யோசனை, போத்தலைக் கையில் பிடித்து லேபிளைப் படித்துக்கொண்டிருக்கும்போதே வந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மலாய் நாட்டில், புலாவ் செபாங்கில் இருந்த எங்கள் வீட்டுக்குச் சித்தி வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பிறந்ததிலிருந்து சைவம்; முட்டைகூடத் தொடமாட்டார். மலாய் தெரியாது. ஆகவே எதை வாயில் வைப்பதற்கு முன்னும் என்னைத்தான் கேட்பார். எனக்கோ பெருமை தாங்காது.

இந்த ஊர் இனிப்புகள் அவரைப் படுத்திய பாடு! துருவிய ஐஸில் பாகு ஊற்றித் தரும் ஐஸ் கச்சாங்கைக் கிளறியதும் அடியிலிருந்து சிவப்பு பீன்ஸும் சோளமும் வந்தன. "ஏன் பாப்பா, இது இனிப்பா, சுண்டலா?" என்றார். தேங்காய்ப்பால் ஊற்றிய குளிர்ந்த செண்டோலில் வாடை தூக்கும் டுரியான் பழம் போட்டுக் கொடுத்த அன்று மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கே ஓடினார். அவர் முகம் மாறுவதைப் பார்ப்பதுதான் அந்தப் பள்ளி விடுமுறையில் எனக்குப் பெரிய வேடிக்கை.

காயா, ரொட்டியில் தடவுகிற பச்சை நிற இனிப்பு. "தேங்காய்ப்பால், சீனி, பாண்டான் இலை," என்று லேபிளைத் தமிழில் சொன்னேன். நடுவில் 'தெலுர்' என்று இருந்தது. முட்டை. சொன்னால் போத்தலைக் கீழே வைத்துவிடுவார். சாப்பிட்ட பிறகு சொன்னால்? முகம் எப்படிப் போகும்!

சித்தி ஒரு வாய் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். "எங்கம்மா கிண்டுற திரட்டுப்பால் மாதிரியே இருக்கு பாப்பா." அதற்குப் பிறகு தினமும் காலையில் பசியாற அதுதான். வந்த நாளிலிருந்து அவர் ஆசையாகச் சாப்பிட்ட ஒரே பண்டம். நானும் நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டிருந்தேன். நல்ல கூட்டம் வேண்டுமல்லவா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை நியாலாஸிலிருந்து அத்தையும் மாமாவும் வந்தார்கள். "முட்டையாச்சும் சாப்பிடு லா, இப்படி ஒட்டிப்போயிட்டியே," என்றார் அத்தை. "ஐயோ, அந்த வாடையே எனக்கு ஆகாது அண்ணி," என்றார் சித்தி.

"மூணு வாரமா ரொட்டியில முட்டையத்தானே தடவித் திங்கிறாங்க!" என்று கத்தினேன்.

வீடே சிரித்தது. சித்தப்பாவுக்குப் புரையேறியது. "தஞ்சாவூர்ச் சைவம் கப்பலேறிப் போச்சு லா!" என்றார் மாமா. சித்தியும் சிரித்தார். பிறகு கொல்லைக் குழாயடியில் நெடுநேரம் வாய் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது.

திரும்பி வந்து, "உனக்கு முன்னமே தெரியுமா பாப்பா?" என்றார் மெதுவாக.

"இப்பதான் பார்த்தேன் சித்தி."

"சின்னப் பிள்ளை, அதுக்கு என்ன தெரியும்," என்று அம்மா பேச்சை முடித்துவைத்தார்.

மறுவாரம் சித்தி அந்தச் சொல்லை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு கடைக்கு வந்தார். ஒவ்வொரு பாக்கெட்டையும் தாளோடு ஒத்துப் பார்த்தே கூடையில் போட்டார். அட, சித்தி கெட்டிக்காரி ஆகிவிட்டாரே என்று எனக்குச் சந்தோஷம்தான். நம்பிக் கேட்க இந்த நாட்டில் அவருக்கு இருந்த ஒரே ஆள் இல்லாமல் போய்விட்டாள் என்பது அப்போது விளங்கவில்லை.

எத்தனையோ வருஷம் கழித்து, இப்போது பூசணிக்காய் போட்டு, முட்டையில்லாமல் காயா கிண்டிப் பழகுகிறேன். முதல் சட்டி கருகியது. இரண்டாவது பசை மாதிரி வந்தது. மூன்றாவதை வரும் சனிக்கிழமை சித்தி வீட்டு அடுப்பிலேயே வைக்கப் போகிறேன். கரண்டியை விட்டால் அடிப்பிடித்துவிடும். பாதியில் நழுவி ஓட முடியாது. போத்தலைக் கையில் எடுத்த அன்றைக்கே அந்தச் சொல்லைப் படித்தேன் என்று அந்த நேரத்தில்தான் சொல்லியாக வேண்டும்.