இரண்டாம் பாகத்து ரோபோக்கள்

தனக்குக் கதை சொல்ல வரும் என்பதே ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தேவகிக்குத் தெரிந்தது. அவள் ஊரான அணைக்கட்டில் ஏறினால் கம்பெனி வண்டி ஊர் ஊராக நின்று, பள்ளிகொண்டா, மாதனூர் என்று பெண்களை அள்ளிப் போட்டுக்கொண்டு ஆம்பூர் போய்ச் சேருவதற்குள் வெயில் ஏறிவிடும். அத்தனை நேரம் என்ன செய்வது? சிலர் தூங்குவார்கள். சிலர் மாமியாரைத் திட்டுவார்கள். மாமியாரைத் திட்டுவதற்கும் ஒரு அளவு இருக்கிறது அல்லவா? சரக்கு தீர்ந்துபோன ஒரு நாளில், வண்டியிலேயே மூத்தவளான ஹலீமா பீ பின்சீட்டைத் திரும்பிப் பார்த்து, "ஏய் தேவகி, நீயாச்சும் எதனா சொல்லுமா, பேஜாரா கீது" என்றாள்.

தேவகிக்கு மாமியார் இல்லை. கணவன் சாமிநாதன் நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவன். அவனைப் பற்றிச் சொல்லவும் ஒன்றும் இல்லை, நல்ல மனுஷன். ஆகவே அவள் வீடியோ கேம் கதையை எடுத்துவிட்டாள்.

அவள் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அண்ணன் புகழேந்தி வேலூர் பஜாரில் ஒரு டிவி கேம் வாங்கி வந்தான். அதில் ஒரு கேசட். ஒரு சின்னப் பையன் இரும்புக் கோட்டைக்குள் போய் எட்டு ரோபோக்களை ஒவ்வொன்றாக ஜெயிக்க வேண்டும். பெயரெல்லாம் ஏதோ பாஷையில் இருந்ததால் தேவகியே பெயர் வைத்தாள். தோல் பதனிடும் ஷாப்பு டிரம் மாதிரி உருண்டு வருகிறவன் டிரம்காரன். மூக்கால் புகை விடுகிறவன் புகைமூக்கன். நாலுகையன், கொக்கித்தலையன் என்று மற்றவர்கள். அண்ணன் கிரிக்கெட் ஆடப் போனதும் கேம் இவள் கைக்கு வந்துவிடும். எட்டுப் பேரையும் அவள் ஜெயித்தாள். அது சத்தியமான உண்மை, அதில் பொய்யே இல்லை.

பெண்களுக்குக் கதை பிடித்துப் போயிற்று. வாழ்நாளில் டிவி கேமைத் தொட்டே பார்க்காதவர்கள்கூட கொக்கித்தலையனின் குணத்தைச் சொந்த மச்சினன் குணம் மாதிரி சொல்வார்கள். அவன் அரைத்த மாவையே அரைக்கிறவன். மூன்று அடி அடிப்பான், பிறகு மூச்சு வாங்க சுவரோரம் ஒதுங்குவான். அந்தச் சந்தில் புகுந்து வெளியே வந்துவிட வேண்டும். தேவகி இதைச் சொல்லும்போது, பள்ளிகொண்டாவில் ஏறும் கிறிஸ்டினா விரல்விட்டு எண்ணுவாள். இருபத்திரண்டு வயதுப் பெண், கண்ணில் துறுதுறுப்பு. தேவகி வாயிலிருந்து வருவதெல்லாம் அவளுக்கு வேதவாக்கு.

இப்படி இருக்கும்போதுதான் கம்பெனிக்கு நிஜமான ரோபோ ஒன்று வந்தது. ஷூவின் மேல்தோலை அச்சுக்கட்டையில் இழுத்து மாட்டிய பிறகு, சோல் ஒட்டுகிற ஓரத்தைச் சுரண்டிச் சொரசொரப்பாக்க வேண்டும். இல்லையென்றால் பசை பிடிக்காது. அந்த வேலைக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்த ஒரு இயந்திரக் கை. அதன் நுனியில் படுவேகமாகச் சுற்றும் கம்பி பிரஷ். சுற்றிலும் கதவு வைத்த கம்பிக் கூண்டு. கையின் தலை கொக்கி மாதிரி வளைந்திருந்தது. பார்த்ததும் ஹலீமா பீ, "யா அல்லா, நம்ம கொக்கித்தலையன்!" என்று கத்தினாள். பெயர் நிலைத்துவிட்டது.

அதிசயம் என்னவென்றால் குணமும் அப்படியே இருந்தது. வலது ஓரம், இடது ஓரம், முன்மூக்கு என்று மூன்று இழுப்பு. பிறகு தூசி தட்ட மூலைக்கு ஒதுங்கும். மறுபடி மூன்று இழுப்பு.

சில சமயம் கட்டையோடு ஷூ நழுவிக் கூண்டுக்குள் விழும். சட்டப்படி எந்திரத்தை நிறுத்தி, கதவைத் திறந்து, எடுத்து, மூடி, மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டும். அதற்குள் வேலை தேங்கிவிடும், டார்கெட் போச்சு என்று சூப்பர்வைசர் குதிப்பார். கதவைத் திறந்தால் எந்திரம் தானாக நிற்க ஒரு ஸ்விட்ச் இருந்தது. அதில் யாரோ ஒரு புண்ணியவான் காந்தத் துண்டு ஒன்றை ஒட்டிவிட்டான். கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாக எந்திரம் நினைத்துக்கொள்ளும். அப்புறம் என்ன, மூன்று எண்ணு, புகு, எடு, வா. தேவகியின் கதை காட்டிய வழிதான். அதில் கிறிஸ்டினாவை மிஞ்ச ஆளில்லை. ஒருவருக்கும் ஒரு கீறல்கூடப் படவில்லை. படாதவரை எல்லாம் சாமர்த்தியம்தான்.

எட்டு ரோபோவும் முடிந்தபோது ஹலீமா பீ, "அவ்ளோதானா?" என்று கேட்டாள். அவள் முகம் தொங்கியதைப் பார்க்கத் தேவகிக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாக்கா அப்டி கேட்டுட்ட? ரெண்டாம் பாகம் கீதே. அதே எட்டு பேரும் திரும்பி வர்றானுங்க. அதே மூஞ்சி, அதே பெயிண்ட். ஆனா இப்ப கண்ணு வெச்சிட்டானுங்க. சந்தே கெடையாது. நீ குதிச்சா அவனும் குதிப்பான். நீ கைய அசைச்சா அடிப்பான்."

"அப்ப எப்டிக்கா ஜெயிக்கிறது?" என்றாள் கிறிஸ்டினா.

"அசையக் கூடாது. கல்லு மாதிரி நின்னுட்டா, தூணுன்னு நெனச்சிட்டுப் போய்டுவான்."

அன்றிலிருந்து வண்டியில் ஒரு விளையாட்டு. தேவகி இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினால் இரண்டாம் பாகம் என்று அர்த்தம். எல்லாரும் எழுந்து அப்படியே உறைய வேண்டும். வண்டி பள்ளத்தில் விழுந்து யார் ஆடினாலும் அவுட். கடைசிவரை நிற்பவள் எப்போதும் கிறிஸ்டினாதான்.

ஒரு திங்கட்கிழமை காலை, வேலை தொடங்கும் முன் இன்ஜினியர் தானிஷ் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினார். கூண்டுக்குள் அதே மஞ்சள், அதே வளைந்த தலை. ஆனால் தலைக்கு மேல் கறுப்பாக ஒரு கேமரா.

"இது பழசு இல்லம்மா. புரோகிராம் மாத்தியாச்சு. எந்த சைஸ் ஷூ வந்தாலும், எப்டி சாஞ்சி இருந்தாலும், கேமராவுல பாத்து அதுவே தேடிப் போய் சுரண்டும். அது எப்ப எங்க போவும்னு நமக்குத் தெரியாது. உள்ள கைய வெச்சிடாதீங்க" என்றார். தெளிவாகத்தான் சொன்னார். காந்தத் துண்டு விவகாரம் அவருக்குத் தெரியாது, பாவம்.

தேவகிக்குச் சிரிப்பு வந்தது. கண் வைத்துவிட்டார்கள், இரண்டாம் பாகம் வந்தே விட்டது என்று கிறிஸ்டினாவிடம் சொல்லத் திரும்பினாள். அவள் அங்கே இல்லை. அடுத்த செக்ஷனில் கட்டை எடுத்து வர அனுப்பியிருந்தார்கள். திரும்பி வந்தபோது பெல்ட் ஓடத் தொடங்கிவிட்டது. சரி, டீக்கு விடும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று தேவகி காதடைப்பைச் செருகிக்கொண்டாள். 

டீ நேரம் வருவதற்கு முன்பே ஒரு ஷூ விழுந்தது.

பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் கிறிஸ்டினாவின் உதடு அசைவதைத் தேவகி பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. இயந்திரக் கை மூலைப் பக்கம் நகர்ந்தது. கிறிஸ்டினா கதவைத் தள்ளிக் குனிந்து உள்ளே போனாள், ஷூவை எடுத்தாள், நெஞ்சோடு பிடித்தபடி நிமிர்ந்தாள். கை மூலைவரை போகவில்லை. பாதியில் நின்றது. கேமரா மெல்லத் திரும்பியது.

தேவகி கத்தினாள். அந்த இரைச்சலில், காதடைப்புக்கு மேல், யாருக்குக் கேட்கும்? கையில் இருந்த கட்டையைத் தூக்கிக் கூண்டுக் கம்பியில் எறிந்தாள். அதிர்ந்து கிறிஸ்டினா திரும்பிப் பார்த்தாள். தேவகியின் கை தன்னாலேயே மேலே போயிற்று. இரண்டு விரல்.

கிறிஸ்டினா உறைந்தாள். ஒரு முழங்கால் மடங்கி, ஷூவை நெஞ்சோடு அணைத்து, மூச்சுகூட விடாமல். வண்டியில் நிற்பதைப் போலவே நின்றாள். அவள் கண்ணில் பயம் இல்லை. அக்கா சொல்லிவிட்டாள், பிறகென்ன பயம்?

அந்தக் கண்ணைப் பார்த்தபோதுதான் தேவகிக்குத் தலையில் இடி விழுந்தது.

ஏனென்றால் இரண்டாம் பாகத்தை அவள் ஆடியதே இல்லை. அண்ணன் ஒரு நாள் சினேகிதனிடம் அந்தக் கேசட்டை இரவல் வாங்கி வந்தான். போட்டார்கள். எட்டு ரோபோக்கள் வரிசையாக நின்று, ஒரே சமயத்தில் தலையைத் திருப்பி, சிவந்த கண்ணால் வெளியே பார்த்தன. அத்தோடு கரண்ட் போயிற்று. மறுநாள் கேசட்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. அவள் பார்த்தது அந்த ஒரு பார்வை மட்டும்தான். அசையாமல் நின்றால் அடிக்காது என்பது ஹலீமா பீயின் முகம் வாடக் கூடாதே என்று, ஓடுகிற வண்டியில் அவளே கட்டிவிட்டது. கதைக்குக் காலில்லை, கொழுக்கட்டைக்குத் தலையில்லை என்பார்கள். இந்தக் கதைக்குக் கால் முளைத்து, ஒரு பெண்ணைக் கூண்டுக்குள் நிறுத்தி வைத்திருந்தது.

அது எதைத் தேடும்? ஷூவை. ஷூ எங்கே? கிறிஸ்டினாவின் நெஞ்சில்.

"போட்டுட்டு ஓடுடீ! ஓடு!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். கையை ஆட்டினாள். கிறிஸ்டினா அசையவில்லை. வண்டியிலும் தேவகி இப்படித்தான் கையை ஆட்டி, முகத்தைக் கோணி, அவளை அசைக்கப் பார்ப்பாள். அசைந்தால் அவுட் அல்லவா?

எல்லாவற்றையும் நிறுத்தும் சிவப்புப் பட்டன் பெல்ட்டுக்கு அந்தப் பக்கம், கூண்டின் பின்புறத் தூணில் இருந்தது. சுற்றிப் போனால் நேரமாகும். தேவகி பெல்ட்டுக்கு அடியில் பாய்ந்து தவழ்ந்தாள். முழங்கால் எதிலோ இடித்தது. புடவைக்கு மேல் போட்டிருந்த கோட்டு எதிலோ மாட்டிக் கிழிந்தது. பெல்ட்டுக்கு அடியிலிருந்து அவளுக்கு எதுவும் தெரியவில்லை. பிரஷ் சுற்றும் ஒலி மட்டும் கேட்டது. அந்த ஒலி சுருதி மாறி, எதன் மீதோ பட்ட மாதிரி கரகரத்தது. ஆண்டவா, முகம், முகம் என்று முனகியபடி எழுந்து, முஷ்டியால் பட்டனைக் குத்தினாள்.

எல்லாம் நின்றது. பெல்ட், கை, பிரஷ் எல்லாம்.

கிறிஸ்டினா நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள். அவள் நெற்றிக்கு மேல் பிரஷ். பிரஷ்ஷில் அவளுடைய கம்பெனித் தொப்பியும், அதோடு ஒரு கொத்து முடியும் சிக்கியிருந்தன. நெற்றியோரம் ரத்தம் பொட்டுப் பொட்டாகத் துளிர்த்தது. தானிஷ் ஓடி வந்து அவளை வெளியே இழுத்தார். 

"தலைக்கு வந்தது தொப்பியோட போச்சு" என்று ஹலீமா பீ அழுதுகொண்டே அவள் முகத்தைத் துடைத்தாள்.

கிறிஸ்டினா சிரித்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "தேவகிக்கா, ரெண்டு காட்டுன இல்ல? நான் அசையவே இல்ல, பாத்தியா? அதனாலதான் நின்னுச்சு!"

பட்டன் அவள் முதுகுப் பக்கம் இருந்தது. தேவகி அதைக் குத்தியதை அவள் பார்க்கவில்லை.  தேவகி அவளைத் திருத்தாமல் கட்டிக்கொண்டாள்.

அன்றைக்கே தானிஷ் காந்தத்தைக் கண்டுபிடித்துப் பிடுங்கி எறிந்தார். விசாரணை நடந்தது, நாலு பேருக்குத் திட்டு விழுந்தது. நல்லதுதான். ஆனால் காந்தம் என்ன, கிடைக்காத பொருளா? டார்கெட் ஏறினால் இன்னொரு புண்ணியவான் இன்னொரு துண்டை ஒட்டுவான். அது தேவகிக்கும் தெரியும், வண்டியில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

மறுநாள் காலை மாதனூரில் சஹர் என்ற புதுப்பெண் ஏறினாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது. நெற்றியில் பிளாஸ்திரியோடு கிறிஸ்டினா அவளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"மொதப் பாகம்னா மூணு எண்ணிட்டு பூந்துடு. ரெண்டாம் பாகம்னா, இதோ, இப்டி. கண்ணுகூட சிமிட்டாத. அது நம்மள ஒண்ணும் பண்ணாது. நானே நின்னு பாத்துட்டேனே."

சஹர் எழுந்து, ஒரு முழங்காலை மடக்கி, கைப்பையை நெஞ்சோடு அணைத்து நின்றாள். நன்றாகவே நின்றாள். எல்லாரும் கைதட்டினார்கள்.  தேவகி வாயைத் திறந்தால் இத்தனை நாள் கட்டிய கோட்டை இடிந்துவிடும். திறக்காவிட்டால் இந்தப் பெண் ஒரு நாள் அப்படியே நிற்பாள், பட்டன் பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள்.

"ஒக்காரும்மா சஹர்" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "அந்த ரெண்டாம் பாகத்த நான் ஆடுனதே இல்ல. அசையாம நின்னா அடிக்காதுன்றது நானா உட்ட ரீலு. நேத்து அது தானா நிக்கல. நான்தான் பின்னாடி ஓடிப் போயி பட்டன் குத்துனேன்."

 ஹலீமா பீ முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

 கிறிஸ்டினாவின் கை தன்னையறியாமல் பிளாஸ்திரியைத் தொட்டது. "அப்போ நான் எத்த நம்பி அங்க நின்னேன்க்கா?"

 தேவகிக்கு அழுகைதான் வந்தது, அடக்காமல் அழுதாள். 

ஆம்பூரில் கம்பெனி கேட்டில் இறங்கி எல்லாரும் முன்னே போய்விட்டார்கள். கிறிஸ்டினா மட்டும் நின்று, புதுத் தொப்பியைப் பிளாஸ்திரி மேல் படாமல் பார்த்துப் பார்த்து மாட்டிக்கொண்டாள்.

"கத போதும்க்கா. நாளைலேர்ந்து சூப்பர்வைசர் கிட்ட கேட்டு எடத்த மாத்திக்கோ. நான் மெஷின் கிட்ட நிக்கிறப்ப, நீ அந்தப் பட்டன் கிட்ட நில்லு."